உங்களுக்குத் தெரியுமா? அடுப்படிக்குள் ஒரு பூமி

லீவு நாளில் பிள்ளை "போரடிக்குது" என்று வந்து நின்றால் கைபேசியை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு முட்டை, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கைப்பிடி மண், ஒரு கோலி சோடா இருந்தால் போதும், மலை, கடல், எரிமலை எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே காட்டிவிடலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. விடையை முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். பிள்ளை ஏதாவது ஒன்றைச் சொன்ன பிறகு செய்யுங்கள். தப்பாகவே சொல்லட்டும். தப்பாகச் சொன்ன பிள்ளைதான் கண்கொட்டாமல் பார்க்கும்.

முட்டை ஓட்டைவிட மெல்லிசு

பூமியின் மையம் நம் காலடியிலிருந்து சுமார் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மனிதர்கள் நேர்கீழாகத் துளைத்ததில் மிக ஆழமானது ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970இல் தொடங்கிய வேலை, 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டது. அவ்வளவு பாடுபட்டும் பூமியின் மேலோட்டைக்கூடத் தாண்டவில்லை!

அவித்த முட்டையை மேசையில் மெல்லத் தட்டி உருட்டுங்கள். விரிசல் விட்ட ஒவ்வொரு துண்டும் ஒரு புவித்தட்டு. பிறகு ஓட்டோடு இரண்டாக வெட்டுங்கள். ஓடுதான் மேலோடு, வெள்ளைக்கரு கவசம், மஞ்சள் கரு பூமியின் கரு. பூமியை முட்டை அளவுக்குச் சுருக்கினால், அதன் மேலோடு இந்த ஓட்டைவிட மெல்லிசாக இருக்கும். இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: கவசம் என்பது பலரும் நினைப்பதுபோல் நெருப்புக் குழம்பு அல்ல. அது கெட்டியான பாறைதான், ஆனால் மிக மிக மெதுவாக நகரும் பாறை. பூமியின் கருவுக்குள் இன்னொரு உட்கரு உண்டு என்று நிலநடுக்க அலைகளை வைத்து 1936இல் கண்டு சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கா லேமன் என்ற பெண்மணி.

எவரெஸ்ட் உச்சியில் கடல்

8,849 மீட்டர் உயர எவரெஸ்ட்டின் உச்சியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் இருக்கின்றன. கடலடி எப்படி வானத்துக்கு ஏறியது?

தரையில் ஒரு துண்டை விரித்து, இரு முனையிலும் கைவைத்து நடுவை நோக்கித் தள்ளச் சொல்லுங்கள். துண்டு மடிந்து மடிந்து எழும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியத் தட்டு ஆசியாவின் மேல் மோதத் தொடங்கியபோது நடந்தது இதுதான். அந்தத் தள்ளல் இன்னும் நிற்கவில்லை. வேகம் எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், ஏறக்குறைய நம் விரல் நகம் வளரும் வேகம்.

46 அடி நடை

பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். பெரியவர்களுக்கே பிடிபடாத எண். மொட்டை மாடியில் ஓர் அடிக்கு 10 கோடி ஆண்டு என்று வைத்துக்கொண்டு பிள்ளையை 46 அடி நடக்கவிடுங்கள்.

முதல் அடியில் பூமி பிறக்கிறது. 11ஆவது அடி வாக்கில் நுண்ணுயிர்கள். அதன் பிறகு 30 அடிக்கு மேல் நடந்தாலும் டைனோசர் வராது. "எங்கே டைனோசர்? எங்கே?" என்று பிள்ளை கேட்டுக்கொண்டே நடக்கும். 44ஆவது அடியில்தான் வருகிறது. கடைசி அடியில் மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் அழிந்தும் போகிறது. மனிதன்? அந்தக் கடைசி அடியின் நுனியில், ஓர் அரிசியின் கனம்கூட இல்லாத இடத்தில். அந்த இடத்தில் நிஜமாகவே ஓர் அரிசியை வையுங்கள்.

சிமெண்டு மூட்டைக்குள் கடல்

அரியலூர்ப் பக்கம் ஏன் இத்தனை சிமெண்டு ஆலைகள்? டைனோசர் காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையைத்தான் இன்று வெட்டி எடுக்கிறார்கள். சுருள் சுருளான அம்மோனைட் புதைபடிவங்கள் அந்த மண்ணில் இன்றும் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுச் சுவரில் பழைய கடல் ஒன்று பூசப்பட்டிருக்கலாம்!

கிளிஞ்சல், முட்டை ஓடு, கோலப்பொடி, சாக்பீஸ், செங்கல் துண்டு என்று ஐந்தை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். வினிகர் இருந்தால் இன்னும் நல்லது. சுண்ணாம்புச் சத்து இருந்தால் நுரைக்கும். கிளிஞ்சலும் முட்டை ஓடும் கட்டாயம் நுரைக்கும். செங்கல் பேசாமல் இருக்கும். கோலப்பொடி, எந்தக் கல்லை அரைத்தார்களோ அதைப் பொறுத்தது. சாக்பீஸிலும் ஏமாற்று உண்டு: இப்போது பல சாக்பீஸ்கள் ஜிப்சத்தில் செய்தவை, நுரைக்காது. நுரைக்காவிட்டால் சோதனை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அதுவும் ஒரு விடைதான்.

கல்சட்டியும் அம்மியும்

கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தியவர் ஜெர்மனியில் பிறந்த ஃபிரீட்ரிஷ் மோஸ். ஆண்டு 1812. டால்க் 1, வைரம் 10. சூத்திரம் எளிது: எது எதைக் கீறுகிறதோ அதுதான் கடினமானது. நம் நகத்துக்கு 2.5, ஜன்னல் கண்ணாடிக்கு 5.5, வெண்ணிறக் குவார்ட்ஸ் கல்லுக்கு 7.

வத்தக்குழம்பு வைக்கும் கல்சட்டி மாக்கல்லால் ஆனது. மாக்கல்லில் பெரும்பங்கு டால்க். அதன் அடிப்புறத்தில் ஆணியால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழும். அதே ஆணியால் அம்மியைக் கீறினால் ஆணிதான் தேயும். (கீறுவதற்கு முன் பாட்டியிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். இது அறிவியலுக்கு அப்பாற்பட்ட விதி.)

பெயர் போன பரங்கிமலை

சென்னை பரங்கிமலையின் பாறைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அவர் பெயரையே பாறைக்கு வைத்தவர் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து. 1802இல் லாம்டன் என்பவர் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கும் முதல் அடிக்கோடு இந்த மலைப் பக்கம்தான் போடப்பட்டது. அடுத்த முறை விமான நிலையம் போகும்போது ஜன்னல் வழியாகக் காட்டுங்கள்.

இனிப்புக் கடையில் பாறை வகுப்பு

பாறை வகைகளை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம், வாங்கிக் கொடுங்கள். கடலை மிட்டாயில் பருப்புகளை வெல்லப்பாகு பிடித்து வைத்திருக்கிறது. கூழாங்கற்களை இயற்கைச் சிமெண்டு பிடித்து வைத்தால் அது திரள்பாறை. முறுமுறு மைசூர்பாக்கில் ஓட்டை ஓட்டையாக இருப்பது ஏன்? கொதிக்கும்போது எழுந்த குமிழிகள், ஆறி இறுகியபோது அப்படியே நின்றுவிட்டன. எரிமலைக் குழம்பு இறுகும்போதும் இதே கதைதான். மிதக்கும் கல் என்று சொல்லப்படும் நுரைக்கல் அப்படிப் பிறந்தது. பரோட்டா அடுக்குகளைப் பிரித்துக் காட்டினால், அழுத்தமும் வெப்பமும் பட்டு ஏடு ஏடாக மாறிய உருமாறிய பாறை. பாடம் முடிந்ததும் பாறைகளைத் தின்றுவிடலாம்.

நூலில் வளரும் கல்

பனங்கற்கண்டைக் கடித்தால் வாயில் நூல் வருமே, அது ஏன் என்று பிள்ளைக்குத் தெரியுமா? பாகுக்குள் தொங்கும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் படிகம் வளர்கிறது.

ஒரு டம்ளர் வெந்நீரில் இனி கரையாது என்னும் வரை சர்க்கரையைக் கரையுங்கள் (இது பெரியவர்கள் வேலை). ஆறிய பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் ஒரு வாரம் வையுங்கள். நூலில் சர்க்கரைத் துகளை முன்பே ஒட்டிக் காயவைத்திருந்தால் சீக்கிரம் பிடிக்கும். மெதுவாக வளர்ந்தால் பெரிய படிகம், அவசரமாக வளர்ந்தால் பொடிப் படிகம். பாறைக்கும் இதே கணக்குதான். பூமிக்குள் நிதானமாக ஆறிய கிரானைட்டில் மினுக்கும் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியும். வெளியே கொட்டி வேகமாக ஆறிய பசால்ட்டில் தெரியாது. மெக்சிகோவின் நைகா சுரங்கக் குகையில் ஜிப்சப் படிகங்கள் 10 மீட்டரையும் தாண்டி வளர்ந்திருக்கின்றன.

டப்பாவுக்குள் ஆறு

கூழாங்கல் ஏன் உருண்டையாக இருக்கிறது? டைமண்டு கற்கண்டுகளைப் பாதி டப்பாவில் போட்டு மூடி, 300 முறை குலுக்குங்கள். பிள்ளையே எண்ணட்டும். திறந்தால் முனைகள் மழுங்கியிருக்கும், அடியில் வெள்ளைத் தூள் சேர்ந்திருக்கும். மழுங்கியது கூழாங்கல், தூள்தான் ஆற்றுமணல். ஒரு பிடி மணலுக்கு ஆறு எத்தனை காலம் குலுக்கியிருக்கும் என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

இன்னும் தூங்காத மண்

மண் என்றால் ஒரே பொருள் அல்ல. 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை இருந்தால் மணல். அதைவிட நுணுக்கமானது வண்டல். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது களி.

வீட்டிலுள்ள ஆறு வயதுக்காரியோடு முருங்கை மரத்தடி மண்ணை அள்ளிவந்தேன். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். மூடியை இறுக்கி, இரண்டு பேரும் மாறி மாறிக் குலுக்கினோம். "என்ன ஆகும்?" என்றேன். "மண்ணு கீழ, தண்ணி மேல. அவ்ளோதான்" என்றாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற தோரணையில்.

பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்தோம். ஒரு நிமிடத்துக்குள் மணல் சரசரவென்று இறங்கி, அடியில் ஒரு பட்டை போட்டது. மேலே காய்ந்த இலைத் துணுக்குகளும் ஓர் எறும்பும் மிதந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மணலுக்கு மேலே மெல்லிய இன்னொரு பட்டை, அது வண்டல். மறுநாள் காலையில் பல் தேய்க்காமலே ஓடிப்போய்ப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் டீ நிறத்தில் இருந்தது. "இது மட்டும் இன்னும் தூங்கலை" என்றாள். களிமண்ணுக்கு அதைவிடச் சரியான விளக்கத்தை நான் படித்ததில்லை. களியும் இறங்கிய பிறகு ஸ்கேல் வைத்து மூன்று பட்டைகளையும் அளந்தால், எது எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். மண் பரிசோதனைக்கு இப்படிக் குலுக்கிப் பார்ப்பது பழைய, நம்பகமான வழி.

கயிற்றில் ஒட்டிவந்த புதையல்

ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடற்கரை மணலிலோ வாசல் மண்ணிலோ இழுத்துப் பாருங்கள். கரிய துகள்கள் மீசைபோல ஒட்டிக்கொள்ளும். அவை இரும்புத் தாதுக்கள். உறையைக் கழற்றினால் பொலபொலவென்று உதிரும். உறையில்லாமல் இழுத்தால் அந்தக் காந்தத்தைச் சுத்தம் செய்யவே ஒரு நாள் ஆகும்!

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு இல்மனைட்டும் சிவப்புக் கார்னெட்டும் கலந்து கிடக்கின்றன. அங்கே மோனசைட் என்ற கனிமம் இருப்பது எப்படித் தெரிந்தது? அன்றைய திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கவனித்தார். கயிறு வாங்கிய இடத்தில் கனிமம் கிடைத்தது.

வெந்தயம் போட்ட வேலி

இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களைப் படுக்கவைத்து, மேல்புறத்தை வெட்டி மண் நிரப்புங்கள். ஒன்றில் வெந்தயம் தூவுங்கள், மற்றது வெறும் மண். பத்து நாள் கழித்து வாய்ப்பக்கம் தாழ்வாகச் சாய்த்து, ஓட்டை போட்ட டம்ளரால் மழை பெய்யுங்கள். வெறும் மண்ணிலிருந்து குழம்பு போன்ற நீர் கொட்டும். வெந்தய மண்ணிலிருந்து வருவது ஏறக்குறையத் தெளிந்திருக்கும். வேர் மண்ணைப் பிடிக்கிறது என்று நூறு முறை சொல்வதற்கு இது ஒன்று சமம். அறுவடையை அன்றைக்கே கீரையாகச் சமைக்கலாம்.

விரலால் ஒரு ஊற்று

பாலாற்றில் தண்ணீர் ஓடாத நாளிலும் மணலைத் தோண்டினால் ஊற்று வரும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். கண்ணாடிக் கிண்ணத்தில் முக்கால்வாசி மணல் போட்டு, ஓரமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மேல் மணல் காய்ந்தே இருக்கும். நடுவில் விரலால் குழி பறித்தால் அடியில் நீர் சுரக்கும். குழியிலிருந்து ஸ்ட்ராவால் உறிஞ்சி வெளியேற்றினால் (குடித்துவிட வேண்டாம்!) கிண்ணம் முழுவதும் நீர்மட்டம் இறங்குவது கண்ணாடி வழியே தெரியும். பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணறு நம் கிணற்றை வற்றவைப்பது இப்படித்தான்.

நூறில் ஒன்றுகூட இல்லை

உலகத் தண்ணீர் முழுவதையும் 100 கரண்டி என்று வைத்துக்கொள்வோம். 97 கரண்டியை ஒரு பாத்திரத்தில் ஊற்றி உப்பைக் கொட்டுங்கள், அது கடல். 2 கரண்டியை ஃப்ரீசரில் வையுங்கள், அது பனி. மிச்சம் ஒரே கரண்டி. அதிலும் பெரும்பகுதி நிலத்தடியில். ஆறு, குளம், ஏரி எல்லாம் சேர்ந்து கரண்டியில் ஒட்டியிருக்கும் ஈரம்தான். குழாயை மூடு என்று இனி அதட்ட வேண்டியிருக்காது.

எத்தனை உழவு மழை?

"நேத்து ரெண்டு உழவு மழை" என்பார்கள் கிராமத்தில். நிலத்துக்குள் ஈரம் எவ்வளவு இறங்கியது என்பதுதான் அந்த அளவு. கொரியாவில் 1440களிலேயே மழையை அளக்க நாடெங்கும் ஒரே மாதிரிக் கலம் வைத்தார்கள்.

பக்கம் நேராக உள்ள பாட்டிலின் தலையை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வையுங்கள். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டால் அளவு பிசகாது. 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 900 லிட்டருக்கு மேல்! வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பு என்று தமிழ்நாடு 2003இல் சட்டம் போட்டதன் கணக்கு இதுதான்.

நிழல் தொலையும் நாள்

நடுப்பகலில் நம் நிழல் ஆண்டுக்கு இரண்டு நாள் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நடக்கும். டெல்லிக்காரர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்கவே கிடைக்காது. மாடியில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கொரு தரம் நிழல் நுனியில் கல் வைத்துப் பாருங்கள். இப்படி நிழலை அளந்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார் எரட்டோஸ்தனிஸ், 2,200 ஆண்டுகளுக்கு முன்பு. (சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

கோலி சோடா எரிமலை

சோடா உப்பில் வினிகர் ஊற்றிப் பொங்கவைத்து 'எரிமலை' என்று காட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் நிஜ எரிமலையில் உப்பும் புளிப்பும் சேர்வதில்லை. அதற்குக் கோலி சோடாதான் உறவு. மூடியிருக்கும்போது தண்ணீருக்குள் வாயு கரைந்து அடங்கிக் கிடக்கும். கோலியை அழுத்தியதும் அழுத்தம் குறைந்து, வாயு குமிழியாகிச் சீறும். பாறைக்குழம்பில் கரைந்த வாயுவும், குழம்பு மேலே ஏறி அழுத்தம் குறையும்போது, இப்படித்தான் வெடித்துக் கிளம்புகிறது. கோலி பாட்டிலுக்கு 1872இல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தின் ஹிராம் காட். இந்தியாவில் உயிரோடிருக்கும் எரிமலை அந்தமானின் பேரன் தீவில் இருக்கிறது. நெடுங்காலம் உறங்கி 1991இல் மறுபடி விழித்தது.

மாவில் விழுந்த விண்கல்

தாம்பாளத்தில் மைதாவைப் பரப்பி, மேலே ராகி மாவை மெல்லியதாகத் தூவுங்கள். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலை உயரம் என்று மூன்று உயரத்திலிருந்து கோலிக்குண்டைப் போடுங்கள். பள்ளம் பெரிதாகிக்கொண்டே போகும். அடியிலிருந்த வெள்ளை, கதிர்போல வெளியே தெறிக்கும். நிலாவில் தெரியும் கதிர்களும் அப்படித் தெறித்தவையே. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி, விண்கல் விழுந்து உண்டான 1.8 கிலோமீட்டர் அகலப் பள்ளம்.

நிலாவில் இறங்கிப் பழக இஸ்ரோவுக்கு நிலா மண் வேண்டியிருந்தது. அதற்கு ஒத்த பாறை நாமக்கல் மாவட்டத்தில், சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைத்தது. அதை அரைத்துத்தான் ஒத்திகை பார்த்தார்கள்.

கல்லில் பதிந்த கதை

1811இல் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் ஓர் அண்ணன் விசித்திரமான மண்டை ஓட்டைக் கண்டான். மீதி உடலைத் தேடிக் கண்டுபிடித்தவள் பன்னிரண்டு வயதுத் தங்கை மேரி ஆனிங். அது இக்தியோசர் என்ற கடல் ஊர்வன. நம் பக்கம் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரம் படுத்துக் கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் கல்மரங்கள் உண்டு. வீட்டில் களிமண் தட்டையில் வேப்பிலையையும் சிப்பியையும் பதித்துக் காயவிடுங்கள். பிறகு தடத்தை மட்டும் காட்டி, எது பதிந்தது என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பத்து வயதுப் பெண்ணின் சத்தம்

2004 டிசம்பர் 26. தாய்லாந்தின் புக்கெட் தீவில் மைக்காவ் கடற்கரை. குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்துக் குமுறி விநோதமாக நடந்துகொள்வதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். "சுனாமி வருது" என்று கத்தினாள். பெற்றோர் காவலாளியிடம் சொல்ல, கடற்கரை காலியானது. அங்கிருந்த சுமார் 100 பேர் தப்பினார்கள்.

அதே காலையில் நம் கரைகளிலும் சில இடங்களில் கடல் உள்வாங்கியது. வேடிக்கை பார்க்கப் போனவர்கள் உண்டு.

ஆகவே இன்று ஒரு தாம்பாளத்தில் ஒரு பக்கம் மணல் கரை கட்டி, மறுபக்கம் தண்ணீர் ஊற்றி, நீருக்கடியில் ஒரு தட்டைச் சட்டென்று தூக்கிப் பாருங்கள். கரையில் தீப்பெட்டி வீடுகள் இருக்கட்டும். "கடல் திடீர்னு உள்ள போனா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் தப்பான விடையோடு விட்டுவிடக் கூடாது. மேட்டைப் பார்த்து ஓட வேண்டும். ஓடும்போது மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும்.